பொறையைத் தொடாத நாய்

மகனே,

உன் கடிதம் வந்தது. நான் எப்படி இருக்கிறேன் என்று அதில் ஒரு வரி. உன் நாய் எப்படி இருக்கிறது என்று மீதிப் பக்கம் முழுவதும். கல்யாணம் முடிந்து பம்பாய்க்குப் போனதிலிருந்து பொங்கலுக்கு ஒரு வாழ்த்து அட்டையைத் தவிர எனக்கு வேறெதுவும் எழுதாதவன், நாயின் காலில் புண் வந்ததும் பேனாவை எடுத்திருக்கிறாய். பதில் போட வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு, புண் வந்தது நாய்க்குத்தானே, அது எனக்கு என்ன செய்தது என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் எழுதுவேன். இங்கே பருத்திப்பட்டில் இப்போது என்னைக் குறுக்கே பேசி நிறுத்த ஆளில்லை.

நீ எழுதியதை நான்கைந்து முறை படித்தேன். உன் மனைவி நாலாவது மாடியில் பகல் முழுவதும் தனியாக இருக்கிறாளே என்று அந்த வெள்ளைச் சடைநாயை வாங்கினாய். டிங்கு என்று பெயர் வைத்தாய். இப்போது அது முன்காலை முடி போய்ச் சிவக்கும்வரை நக்குகிறது. களிம்பு போட்டால் களிம்பையும் நக்குகிறது, துணி கட்டினால் பிய்த்துப் போடுகிறது. எந்நேரமும் கொட்டாவி விடுகிறது, சோம்பேறி என்கிறாய். நீ ஆபீசிலிருந்து வந்ததும் வாலை ஆட்டுகிறது, ஆட்டிக்கொண்டே கட்டிலடியில் போய்ப் படுக்கிறது. கழுத்துப்பட்டையைப் பிடித்து வெளியே இழுத்தபோது உறுமியது. பகலில் அது சும்மாதான் இருக்கிறது என்று உன் மனைவி சொல்கிறாள். இந்த மாதக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் யாருக்காவது கொடுத்துவிடப் போகிறாய். ஜிம்மிக்கு அந்தக் காலத்தில் இதே மாதிரி வந்ததே, என்ன மருந்து போட்டோம் என்று கேட்டிருக்கிறாய்.

மருந்தின் பெயர் மறந்துவிட்டது. நடந்தது மறக்கவில்லை. உனக்கும் மறந்திருக்காது.

நீ பிளஸ் ஒன் படித்த வருஷம் அது. ஏரிக்கரையிலிருந்து நீ சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்த ஜிம்மி அப்போதுதான் வளர்ந்து நாயாகியிருந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் முதலாளி எங்கள் கம்பெனி கேட்டைப் பூட்டினான். எத்தனையோ வருஷம் விடியற்காலை ரயிலைப் பிடித்து ஓடிய மனிதன் பகலில் வீட்டில் உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும் என்று உட்கார்ந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும். சங்கக் கூட்டம் என்று போவேன், வருவேன், யார் மீதோ இருந்த ஆத்திரத்தைச் சோற்றுத் தட்டின் மேல் காட்டுவேன். குழம்பில் உப்பு இல்லை என்பதற்கும் கத்தினேன், ரேடியோ வைத்ததற்கும் கத்தினேன். கத்தினது தப்பு என்று இப்போதும் நான் சொல்லப் போவதில்லை. கேட்டை இழுத்துப் பூட்டினவன் ஒருவன், கத்தினதற்குக் கணக்குச் சொல்ல வேண்டியவன் நானா? ஆனால் நடந்தது அதுதான். அந்த மாதங்களில்தான் ஜிம்மி முன்காலை நக்க ஆரம்பித்தது.

உன் அம்மா முதலில் கண்பட்டுவிட்டது என்றாள். உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். நெடி தாங்காமல் நாய் தும்மிக்கொண்டே பின்பக்கம் ஓடி, குளிக்கிற இடத்தில் வாளிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. அன்றைக்கு நீயும் அவளும் சிரித்தீர்கள். புண் ஆறவில்லை. ஒரு வாரம் பொறுத்து நீயும் நானும் அதை சைக்கிளில் உட்கார வைத்து ஆவடி மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மருந்து எழுதினார். எழுதிவிட்டு, "வீட்ல என்ன நடக்குது?" என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. "நாயிக்கு வந்த புண்ணுக்கு எங்க ஊட்டுக் கத இன்னாத்துக்கு சார்?" என்றேன்.

"கதை வேணாம். சத்தம் இருக்குதா, அத மட்டும் சொல்லுங்க."

நான் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் நாயைப் பிடித்துக்கொண்டு நின்ற நீ, "இருக்கு சார்" என்றாய். அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை, அடுத்த மாட்டைப் பார்க்கப் போய்விட்டார். திரும்பி வரும் வழியெல்லாம் நான் உன்னோடு பேசவில்லை. அதற்காக நீ என்னை மன்னித்தாயோ இல்லையோ, அந்த இரண்டு வார்த்தைதான் ஜிம்மியைக் குணப்படுத்தியது.

எப்படி என்று சொல்கிறேன். வீட்டில் எனக்கு வேறு வேலையில்லை. டாக்டர் சொன்னது பொய் என்று காட்டுவதற்காகவே நாயின் எதிரே உட்கார்ந்து அதைப் பார்க்க ஆரம்பித்தேன். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, புத்தகமும் படிக்கவில்லை. பார்த்தேன், அவ்வளவுதான். தூங்கி எழுந்து விடுகிற கொட்டாவி வேறு, நான் செருப்பை உதறிவிட்டு உள்ளே வரும்போது விடுகிற கொட்டாவி வேறு. பக்கத்தில் தின்ன ஒன்றும் இல்லாதபோது நாக்கை நீட்டி மூக்கை ஒரு தடவை நக்கிக்கொண்டால் அதற்குப் பசியில்லை, பயம். முகத்தை ஒருபக்கம் திருப்பிக்கொண்டு கண்ணை மட்டும் நம் பக்கம் வைத்திருக்கும், கண்ணின் வெள்ளை பிறைபோல ஓரத்தில் தெரியும். காது பின்னால் படியும். வெயில் இல்லாத நேரத்திலும் மூச்சு இரைக்கும். நனையாமலேயே உடம்பை உதறும். சில நாள் தடவிக் கொடுத்தால் கை நிறைய முடி வரும். வால் ஆடுகிறதே என்று ஏமாந்துவிடாதே. சந்தோஷமாக இருக்கிற நாய்க்கு இடுப்பே ஆடும். பயந்த நாய்க்கு வால் மட்டும் தாழ இறங்கி விறைப்பாக ஆடும். அது கும்பிடு போடுவது மாதிரி. நானும் எங்கள் மேனேஜருக்கு அப்படித்தான் வணக்கம் வைத்திருக்கிறேன், எனக்குத் தெரியும்.

இன்னொன்றையும் பார்த்தேன். எனக்குக் கோபம் வரப்போகிறது என்பது எனக்கு முன்னால் அதற்குத் தெரிந்தது. நான் குரலை உயர்த்தியிருக்க மாட்டேன், தட்டை நகர்த்தியிருக்கக்கூட மாட்டேன். ஜிம்மி மூக்கை நக்கிக்கொண்டு எழுந்து கட்டிலடிக்குப் போய்விடும். அது எழுந்தால் நான் வாயை மூடிக்கொள்வது என்று ஒரு பழக்கம் பண்ணிக்கொண்டேன். நாய்க்காகத்தான் பண்ணினேன். கொஞ்ச நாளில் புண் காய்ந்தது. அதைப் பார்த்துவிட்டு ஒருநாள் உன் அம்மா அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள்: "நாயி எழுந்துகினா வாய மூடிக்கிறியே, நான் எத்தினி வாட்டி எழுந்து போயிருப்பேன்?" முறத்தைத் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நாய்க்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறாய். முதலில், கட்டிலடியை அதற்கே விட்டுவிடு. ஒரு சாக்கை நாலாக மடித்துப் போடு, சுவரோரமாக. அது அங்கே இருக்கும்போது யாரும் இழுக்கக் கூடாது, குனிந்து எட்டிப் பார்த்துக் கூப்பிடவும் கூடாது. உறுமினதற்கு அடித்தேன் என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம் என்று அது வாய் திறந்து சொன்னதற்கு அடித்திருக்கிறாய். அடி வாங்கின நாய் அடுத்த முறை சொல்லாமலேயே கடிக்கும். சோறு தினமும் ஒரே நேரத்துக்கு வை. வெளியே கூட்டிப்போனால் சங்கிலியைப் பிடித்து உன் வேகத்துக்கு இழுக்காதே. அது ஒரு கம்பத்தை முகர்ந்துகொண்டு நிற்கட்டும், உனக்கு அவசரம் என்றால் நீ பத்து நிமிஷம் முன்னால் கிளம்பு. மெல்லுவதற்கு ஏதாவது கொடு, எலும்போ, பழைய கயிறோ. மெல்லுகிற வாய் காலை நக்காது. சரியாகிவிடும் என்று கட்டிப் பிடிக்காதே, அதற்கு அது சிறைதான். பக்கத்தில் உட்கார வேண்டும் என்று தோன்றினால் பக்கவாட்டில் உட்கார். முகத்தை நேராகப் பார்க்காதே, பேர் சொல்லிக் கூப்பிடாதே, கையை நீட்டாதே. சும்மா இரு. அதற்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது அதுவே வரும். எனக்கு ஜிம்மி வர ஒரு மாசத்துக்கு மேல் ஆனது.

சந்தேகமாக இருந்தால் ஒரு சோதனை உண்டு. டீக்கடைப் பாட்டிலில் இருக்கிற பொறை, அந்த மொறுமொறு ரொட்டி, ஜிம்மிக்கு உயிர். தெருமுனை டீக்கடைக்காரர் பாட்டில் மூடியைத் திருகினால் இங்கே காது நிமிரும். அந்த ஜிம்மி ஒரு பொறையை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டால், அது இருக்கிற இடம் சரியில்லை என்று அர்த்தம். வேறு எதையும் பார்க்க வேண்டாம். நாயை அங்கிருந்து கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும்.

இப்போது உன் மாப்பிள்ளை அழைப்புக்கு வருகிறேன். நீ எழுதமாட்டாய், நானே எழுதுகிறேன். சென்னீர்குப்பம் மண்டபத்துக்குப் பிள்ளையார் கோயிலிலிருந்து ஊர்வலம். முன்னால் பேண்டு செட், இரண்டு பக்கமும் தலையில் டியூப்லைட் சுமந்தவர்கள், பின்னால் ஜெனரேட்டர் வண்டி, நடுவில் திறந்த காரில் நீ. ஜிம்மிக்கு உன் சிநேகிதர்கள் சாமந்தி மாலை போட்டு, நெற்றியில் குங்குமம் வைத்து, உன் காலடியில் ஏற்றிவிட்டார்கள். நான் வேண்டாம் என்றேன். அப்போது நீ குனிந்து என்னிடம் சொன்னது காதில் இருக்கிறது: "நைனா, அம்மாதான் இல்ல. ஜிம்மியாச்சும் வரட்டும்." அவள் போய் வருஷம் திரும்பியிருக்கவில்லை. நான் காரோடு நடந்தேன்.

உன் ஆல்பத்தில் அந்தப் படம் இருக்கும். வாயைத் திறந்துகொண்டு ஜிம்மி சிரிக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். எடுத்து இன்னொரு முறை பார். வாயின் ஓரம் காதுவரை இழுத்திருக்கும், காது இருக்கிற இடமே தெரியாது. சரவெடி போட்டதும் அது கொட்டாவி விட்டது. இரண்டாவது சரத்துக்கு மூக்கை நக்கியது. உன் சிநேகிதன் ஒருவன், "மச்சான், மாப்ளைக்கு முன்னாடி மாப்ளத் தோழனுக்குத் தூக்கம் வருதுடா" என்றான், காரைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். நான் பையிலிருந்து பொறையை எடுத்து நீட்டினேன். ஜிம்மி அதைப் பார்க்கக்கூட இல்லை.

காரை நிறுத்தச் சொல்லி, ஜிம்மியின் மாலையைக் கழற்றி, நாயைக் கீழே இறக்கினேன். கல்யாண ஊர்வலத்தில் போட்ட மாலையை நடுத்தெருவில் கழற்றுவது எப்படிப்பட்ட காரியம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. உன் தாய்மாமன் ஓடிவந்து என் கையைப் பிடித்தான். "இன்னா மாமா, சம்பந்தி அங்க மாலைய கைல வெச்சுகினு நிக்கிறாரு, நீ நாய இட்டுகினு போறியா?" என்றான். ஆமாம் என்றேன். மண்டப வாசலில் பெண்ணின் அப்பா ஆரத்தித் தட்டோடும் மாலையோடும் நிற்க, மாப்பிள்ளையின் அப்பா இல்லை. நான் அந்நேரம் பெங்களூர் ரோட்டுக்குப் பின்னால், மூடிக் கிடந்த ஒரு மரக்கடையின் ஓரமாக நாயோடு உட்கார்ந்திருந்தேன். அங்கேயும் பேண்டு சத்தம் கேட்டது, ஆனால் தூரத்தில். நெடுநேரம் நடுங்கிக்கொண்டிருந்துவிட்டு ஜிம்மி என் தொடையில் தாடையை வைத்தது. பிறகு பொறையைத் தின்றது.

என்னை எல்லோரும் கிறுக்கன் என்றார்கள். நீ ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் நீ எனக்குக் கொடுத்த தண்டனை. அம்மாவுக்குப் பதிலாக நீ ஏற்றி வைத்ததை நான் இறக்கிவிட்டேன் என்று நினைத்தாய். நினைத்துக்கொள். உன் அம்மா இருந்திருந்தால் எனக்கு முன்னால் அவளே இறக்கியிருப்பாள். இன்றைக்கு அதே ஊர்வலம் மறுபடி நடந்தாலும் நான் அதே இடத்தில் காரை நிறுத்துவேன். இதில் நான் இறங்கி வருவதற்கு ஒன்றும் இல்லை.

ஆனால் உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. மறுநாள் தாலி கட்டி முடிந்து நீங்கள் இரண்டு பேரும் பெரியவர்கள் காலில் விழுந்து வந்தீர்கள். நான் கடைசி வரிசையில் நின்றேன். நீ விழுந்தாய், எழுந்தாய், நகர்ந்தாய். உன் மனைவி விழுந்து எழுந்தவள் ஒரு நொடி நின்று, மெதுவாக, "நாய் சாப்ட்டுச்சா மாமா?" என்று கேட்டாள். அந்த மண்டபத்தில் அவ்வளவு ஜனத்தில் அதைக் கேட்டது அவள் ஒருத்திதான். அவள் அப்பாவை நான் அவமானப்படுத்திவிட்டேன் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த நேரம் அது.

அதனால்தான் இப்போது கேட்கிறேன். டாக்டர் என்னைக் கேட்ட அதே கேள்வி. உன் வீட்டில் என்ன நடக்கிறது? பகலில் சும்மா இருக்கிற நாய், நீ வருகிற நேரத்துக்கு ஏன் கட்டிலடிக்குப் போகிறது? சத்தம் இருக்கிறதா? இல்லை, சத்தமே இல்லையா? நாய்க்கு இரண்டும் ஒன்றுதான். செருப்பை விடுகிற விதத்திலேயே அதற்குத் தெரிந்துவிடும். உன் ஆபீசில் என்ன தொல்லையோ, யார் உன்னை என்ன சொன்னார்களோ, எனக்குத் தெரியாது. நீ எழுதவில்லை, நான் கேட்கவும் இல்லை. ஆனால் என் மகன் செருப்பை எப்படி விடுவான் என்று எனக்குத் தெரியும், அதை நீ என்னிடம்தான் பார்த்திருக்கிறாய். நாயின் காலில் களிம்பு போடுவதற்கு முன் உன் மனைவியின் முகத்தைப் பார். நீ உள்ளே வரும்போது அவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணோரத்தில் பார்க்கிறாளா என்று பார். பாஷை தெரியாத ஊரில் நாலாவது மாடியில் இருக்கிறவள். அவள் சாப்பிடுகிறாளா என்று பார். நாயை யாருக்காவது கொடுத்துவிட்டால், வீட்டில் இதையெல்லாம் உனக்குச் சொல்ல இருக்கிற ஒரே வாயையும் வெளியே அனுப்பிவிட்டாய் என்று அர்த்தம்.

என்னைப் பற்றி ஒரு வரி கேட்டிருந்தாய். கம்பெனியை அப்புறம் திறந்தார்கள் அல்லவா, இப்போது அதை விட்டு நின்றுவிட்டேன். முழங்கால் வலி இருக்கிறது. ஜிம்மிக்கு இப்போது காது சுத்தமாகக் கேட்பதில்லை. பின்னாலிருந்து போனால் பதறுகிறது என்று, தூரத்திலேயே தரையில் காலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் கிட்டப் போகிறேன். போன தீபாவளிக்குத் தெரு முழுக்க வெடி. வருஷா வருஷம் செய்கிற மாதிரி கதவையெல்லாம் சாத்திவிட்டு, கட்டிலடிக்குப் பக்கத்தில் சாக்கைப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். ஜிம்மி கூடத்து நடுவில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வெடிக்கும் தூக்கிவாரிப் போட்டது எனக்குத்தான். ஆனாலும் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய் உட்கார வேறு இடம் எதுவும் தோன்றவில்லை.

நான் பம்பாய்க்கு வரமாட்டேன். அதைக் கேட்டு எழுதாதே. நாயைக் கொடுப்பதென்றால் அந்நியருக்குக் கொடுக்காதே, இங்கே கொண்டுவா. ஆள் மூலம் அனுப்பக் கூடாது, நீயே கொண்டுவர வேண்டும், அவளையும் கூட்டிக்கொண்டு. கொடுக்காவிட்டாலும் கொண்டுவந்து காட்டு. வரும்போது தெருமுனைக் கடையில் பொறை வாங்கி வா. ஜிம்மிக்குப் பல் இல்லை, பாலில் நனைத்தால் தின்னும்.

கேட் திறந்துதான் இருக்கும். நான் கூடத்துச் சுவரோரமாக உட்கார்ந்திருப்பேன். வந்ததும் என் முகத்தை நேராகப் பார்க்காதே, நைனா என்று கூப்பிடாதே, ஊர்வலத்தைப் பற்றி எதுவும் எடுக்காதே. பக்கவாட்டில் வந்து உட்கார். சும்மா இரு. கொஞ்ச நேரம் ஆகும்.

இப்படிக்கு,
உன் அப்பா